வலை காயும் இடத்தில் முட்டை

கடலோரத் திட்ட அதிகாரியின் மேசையில் வரைபடம் விரிந்திருந்தது. மீனவர்கள் வலை காயப்போடும் இடத்தில் விரலை ஊன்றினார் விடுதி முதலாளி.

"என் படகுத்துறை இங்கதான் வரணும். மேலிடத்துல பேசியாச்சு."

"நாப்பது குடும்பம் சார். அவங்க எங்க போவாங்க?"

"அது உங்க தலைவலி. கையெழுத்தைப் போடுங்க."

அதிகாரி தலையைச் சொறிந்தார்.

"போட்டுடலாம் சார். ஆனா நேத்துதான் அங்க ஆமை முட்டை போட்டிருக்கு. வேலி கட்டிட்டோம். பொரிக்கிற வரைக்கும் யாரும் கிட்டப் போகக் கூடாது."

செல்போனை நீட்டினார். மணல் குழிக்குள் வெள்ளை வெளேரென்று முட்டைகள்.

"எப்ப பொரிக்கும்?"

"ரெண்டு மாசம். பொரிக்கலைன்னா, ஏன் பொரிக்கலைன்னு ஆராய்ச்சி பண்ணணும். அதுக்கு மூணு வருஷம்."

முதலாளி வரைபடத்தைத் தள்ளிவிட்டு, வேறு கடற்கரை தேடிக் கிளம்பினார்.

மாலையில் அதிகாரி வீட்டுக்குள் நுழைந்ததும், டேபிள் டென்னிஸ் கோச்சான மனைவி காலிப் பெட்டியோடு வழிமறித்தாள்.

"ஏங்க, நாளைக்குப் போட்டி இருக்கு. பெட்டியில இருந்த நூறு பந்தும் எங்க?"

அதிகாரி செருப்பிலிருந்த மணலைத் தட்டினார்.

"கொஞ்சம் பொறும்மா. இன்னும் பொரிக்கல."