எண்ணெய்க் காப்பு

“ஏனுங்கண்ணா, கடையைச் சாத்திப்போட்டு வாங்க. ஆனைமலைக்குப் போலாமுங்க. அவரு டெம்போவுல காத்துட்டு இருக்காரு.”

வெங்கடலட்சுமி ஒரு சீப்பு பூவன் பழத்தைக் கண்ணாடி மேசை மேல் வைத்தாள். திருமூர்த்திக்கு வாயெல்லாம் பல். பொள்ளாச்சியில் பதினெட்டு வருஷமாக மெடிக்கல் கடை நடத்துகிறார். காய்ச்சல் விட்டால் டாக்டருக்குப் புண்ணியம், விடாவிட்டால் கடைக்காரனுக்குத் திட்டு. பழத்தோடு வந்து நன்றி சொன்னவர் இதுவரை யாருமில்லை.

“எனக்கெதுக்குங்க அம்மணி பழமெல்லாம்?”

“நீங்க இல்லீன்னா அவரு ஏதுங்க? கடையைப் பூட்டிப்போட்டு நீங்களே கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில சேர்த்து, முழு மனுசனாத் திருப்பிக் குடுத்தீங்க. இப்ப மறுபடியும் தேங்கா லோடு அடிக்கிறாருங்க.”

“சந்தோசமுங்க. கோயில்ல என்ன விசேஷம்?”

“ஆவணியில மாசாணியம்மன் கல்லுல மிளகா அரைச்சுப் பூசுனேனுங்க. என்ற குடியைக் கெடுத்தவங்களுக்கு எரியட்டும்னு. இப்பத்தான் எல்லாம் சரியாப் போச்சே, எண்ணெய்க் காப்புப் போட்டு அம்மனைக் குளிர வெக்கோணும்.”

திருமூர்த்திக்குப் பகீரென்றது.

“யாரு பேரைச் சொல்லி அரைச்சீங்க?”

“அதைக் கேக்காதீங்க.”

கேட்க வேண்டியதே இல்லை. அவள் புருஷன் ரங்கராஜ் படுத்த படுக்கையானபோது, பங்காளி தம்பிதுரைதான் செய்வினை வைத்துவிட்டான் என்று தெருவே பேசியது. பாவம், தம்பிதுரை யார் வம்புக்கும் போகாத ஆள். அவர் தலையில் பழி விழ, இங்கே தனக்குப் பழமா? வாயைத் திறந்தால் இத்தனை வருஷம் சேர்த்த நல்ல பேர் காற்றில் போய்விடும். ஆனாலும் திருமூர்த்திக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“செய்வினையுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க அம்மணி. எல்லாம் நான் குடுத்த இருமல் மருந்துதானுங்க. அதுல கோடீன்னு அபின் சாதி மருந்து ஒண்ணு கலந்திருக்குது. இருமல் நின்ன பின்னாலயும் தினம் ரெண்டு பாட்டில் கேட்டாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் டாக்டர் சீட்டு இல்லாம அஞ்சு மாசம் குடுத்தேன். ஒரு நாள் இந்த வாசல்லயே சுருண்டு விழுந்தாரு பாருங்க, அப்பத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. தம்பிதுரை மேல பழி போடாதீங்க.”

சொல்லிவிட்டுப் பழச் சீப்பை அவள் பக்கம் தள்ளினார். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வெங்கடலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சீப்பை மறுபடியும் அவர் பக்கமே நகர்த்தினாள்.

“தெரியுமுங்கண்ணா, கட்டிலுக்கடியில அத்தனை பாட்டிலும் உங்க கடைக் கவரோடதான் கெடந்துச்சு. நான் மிளகா அரைச்சதே உங்க பேரைச் சொல்லித்தானுங்க. பூசுன பத்தாம் நாளே உங்களுக்குப் புத்தி வந்துச்சு. வாங்க, அந்தக் காரத்தை உங்க கையாலயே எண்ணெய் ஊத்திக் கழுவிப்போடலாம்!”