மவுண்ட் ரோடு கோட்டு

"மாப்ளே, இந்தக் கோட்டு மெட்ராஸ்ல எந்தக் கடையில எட்த்தது?"

நகரியில் பெண் பார்க்க வந்த இடம். பெண்ணின் அப்பா கன்னையா கேட்டதும் கோவர்த்தனனுக்குக் கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது. அது புத்தூர் முனிகிருஷ்ணன் லாண்டரியில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தது. யார் வீட்டுக் கோட்டோ, அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். சித்தூர் கோர்ட்டு குமாஸ்தா சம்பளத்தில் அதன் பித்தானைத்தான் வாங்கலாம்.

விஷயம் தெரிந்தால் அம்சவேணி கிடையாது. போன மாதம் வந்த வரனைச் சட்டையில் ஒட்டுப் போட்டிருந்தது என்று காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிய மகானுபாவர் இந்தக் கன்னையா.

"மவுண்ட் ரோட்ல மாமா," என்றான். ஆரம்பித்த பிறகு பொய்க்கு என்ன பஞ்சம்? ஆளுயரக் கண்ணாடி, தலைக்கு மேல் காற்றாடி, அளவெடுக்க ஒருத்தர், அதை எழுதிக்கொள்ள ஒருத்தர் என்று அவிழ்த்துவிட்டான். ஆந்திரா தனி ராஜ்யமாகிக் கர்நூல் தலைநகரானால் ஆகட்டும், அங்கே போய்க் கோட்டு தைக்க முடியுமா என்று கன்னையாவும் ஒத்து ஊதினார். தன் ஜரிகை வேட்டிகூடச் சைனா பஜாரில் எடுத்ததுதான் என்று பெருமையடித்துக்கொண்டார். மனிதர் நாற்காலி நுனியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஏற வந்த பேத்தியைக்கூட விரட்டிவிட்டார். யப்பா, என்ன மிடுக்கு என்று கோவர்த்தனன் நினைத்துக்கொண்டான்.

பக்கத்தில் அவனுடைய தகப்பனார் அப்பாவு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விசேஷத்துக்கென்று வைத்திருந்த ஒரே நல்ல வேட்டியை அவரும் அதே லாண்டரியில் போட்டிருந்தார். இன்னும் காயவில்லை என்று முனிகிருஷ்ணன் கையை விரித்துவிட்டான். பழுப்பேறிய வேட்டியில் வந்த வெட்கம் அவரைத் தலை நிமிரவிடவில்லை.

அம்சவேணி காபித் தட்டோடு வந்தாள். கோவர்த்தனனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் ஒரு டம்ளர் சாய்ந்தது. அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் துள்ளினான். கன்னையா வேட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் துள்ளினார். நல்ல காலம், காபி தரைக்குப் போயிற்று.

சத்தம் கேட்டு நிமிர்ந்த அப்பாவு, கன்னையாவை மேலும் கீழும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பெண் பிடித்திருக்கிறது, இப்போதே தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

பஸ்ஸில் ஏறியதும் கோவர்த்தனன் தகப்பனார் பக்கம் திரும்பினான்.

"வூட்ல போய் யோசிக்கலாம்னு சொல்லிக்கினு இருந்தியே நைனா, இன்னா திடீர்னு சரின்ட்டே? நாளைக்குக் கோட்டு விஷயம் மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா இன்னாடா?" அப்பாவு நிதானமாக வெற்றிலையை மென்றார். "காயலைன்னானே முனிகிருஷ்ணன், நம்ம வேட்டி, அது உன் மாமனார் இடுப்புல நல்லாவே காஞ்சிக்கினு இருக்குது. கரையோரம் உங்கம்மா போட்ட தையலைப் பார்த்துட்டுத்தான் சரின்னேன்."