பாங்கு நேரம்

"பாங்கு வந்ததும் மைக்க நிப்பாட்டுனா, உன் கை உனக்கு இல்ல" என்றார் சோலை.

அவர் விழாக் கமிட்டி. நான் மைக் செட். பிளஸ் ஒன்னோடு படிப்பு ஏறவில்லை, இது ஏறிவிட்டது. சமயநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கோயிலில் பொங்கல் விழா சாட்டினால் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிவாசலில் தொழுகைக்குக் கூப்பிடுகிற எட்டு மணி பாங்கு ஆரம்பித்தால், இங்கே ஆம்ப்ளிஃபையரை நிப்பாட்டணும். முடிந்ததும் போடணும். எங்கள் சாமி அவர்கள் தெரு வழியாகப் போகும்போது அவர்கள் பைக்கையெல்லாம் ஓரங்கட்டி வழி விடுவார்கள். யாரும் எழுதி வைத்ததில்லை, நடக்கும்.

இந்த வருஷம் மட்டும் ஏன் நிப்பாட்டக் கூடாது என்று கேட்டேன்.

"பாட வர்றது யாரு? அந்தாளு எந்தப் பக்கம்னு இன்னைக்குத் தெரியணும். பாங்கு கேட்டுப் பாட்ட நிப்பாட்டுனா மேடைய விட்டு இறக்கிருவோம். நிப்பாட்டாம பாடுனா, அவங்க தெருவுக்கு அவரே பதில் சொல்லிக்கிறட்டும்."

கூட நின்ற பயல்கள் சிரித்தார்கள். ஒருத்தன் கையில் சவுக்குக் கட்டை. பந்தலுக்கு என்றான். பந்தல் வேலை முந்தின நாளே முடிந்துவிட்டது.

பாட வருகிறவர் சிவபாண்டி. ஒரு காலத்தில் இங்கிருந்து டி. கல்லுப்பட்டி வரைக்கும் அவர் பாடாமல் எந்த ஊரிலும் பொங்கல் முடியாது. சினிமாவிலும் பாடினார். பேர் உச்சத்தில் இருந்தபோது இஸ்லாத்துக்குப் போய் ஹாரூன் ஆனார். இனிமேல் பாட்டே வேண்டாம் என்று ஆர்மோனியத்தை யாருக்கோ கொடுத்துவிட்டு, ஆனையூரில் பேட்டரிக் கடை போட்டார். பல வருஷம் கழித்து, தொழுகையும் இருக்கட்டும், பாட்டும் இருக்கட்டும் என்று இப்போது திரும்பியிருக்கிறார். முதல் மேடை எங்களுடையது. ஊர்ப் பொம்பளைகள் ஒரே பிடியாகக் கேட்டதால் கூப்பிட்டார்கள். சாமிப் பாட்டு மட்டும் கேட்காதீர்கள் என்று முன்னாடியே சொல்லிவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

சோலைக்கு அது பிடிக்கவில்லை. மார்க்கத்துக்கு வந்தவர் மறுபடி மேடை ஏறலாமா என்று பள்ளிவாசல் தெரு இளவட்டங்களுக்கும் பிடிக்கவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற சிக்கந்தர் பாய் மத்தியானமே சைக்கிளில் வந்து மேடையைப் பார்த்தார். எத்தனை மணிக்குப் பாட்டு, பாங்கு நேரத்தில் அவர் மேடையில் இருப்பாரா என்று என்னிடம் விசாரித்தார். ஆமாம் என்றதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"வேவு பாக்குறாய்ங்க" என்றார் சோலை. எனக்கும் அப்படித்தான் பட்டது.

இருட்டியதும் ஹாரூன் வந்தார். நரைத்த தாடி, தலையில் தொப்பி. மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, பாங்கு வந்தா வழக்கம்போல நிப்பாட்டிரு. நான் சிவபாண்டியா இருந்தப்பவே அப்படித்தான்."

எனக்குப் பின்னால் கட்டைக்காரன் நின்றான். தலையை மட்டும் ஆட்டினேன்.

முதல் பாட்டில் தொண்டை பிசிறியது. அடுத்ததில் பழைய குரல் வந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் பாயோடு முன்னால் நகர்ந்தார்கள். எனக்குப் பாட்டு ஒன்றும் காதில் ஏறவில்லை. கண் செல்போன் மணியில். கை வால்யூம் குமிழில்.

எட்டாகப் போகிறது. சோலை நாற்காலியை இழுத்து என் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். பள்ளிவாசல் தெரு முனையில் லைட்டை அணைத்துவிட்டு வரிசையாகப் பைக்குகள் நின்றன. அவர்களும் காத்திருந்தார்கள்.

பாங்கு வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

எட்டு தாண்டியது. பாங்கு வரவில்லை. பாடிக்கொண்டிருந்த ஹாரூனும் பள்ளிவாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அந்தப் பாட்டு முடிந்தது, இன்னொன்றும் முடிந்தது. அப்பவும் வரவில்லை.

"அவங்க மைக் புட்டுக்கிச்சு போல. தப்பிச்சான்" என்று சோலை எழுந்து போனார். தெரு முனையில் பைக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஹாரூன் கடைசிப் பாட்டு வரைக்கும் பாடினார், போட்ட சால்வையோடு பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்.

காலையில் பள்ளிவாசலுக்குப் போனேன். அந்த ஆம்ப்ளிஃபையரையும் நான்தான் பார்க்கிறேன். சிக்கந்தர் பாய் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். சுவிட்சைப் போட்டு மைக்கைத் தட்டினேன். கணீரென்று கேட்டது.

"நல்லாத்தானே இருக்கு பாய்?"

"நல்லாத்தான் இருக்கு. பாங்கும் நேரத்துக்குச் சொல்லிட்டேன். வாசல்ல நின்னு, வெறும் வாயால."

ஏன் என்று கேட்டேன். பாய் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, கடைசிப் பாட்டு இங்கே சரியாகக் காதில் விழவில்லை, செல்லில் பிடித்து வைத்திருக்கிறாயா என்று கேட்டார்.

அப்போதுதான் மேலே பார்த்தேன். நாலு திசைக்கும் இருக்க வேண்டிய குழாய் ஸ்பீக்கர் நாலும் எங்கள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எங்க தெருப் பயலுக நேத்துச் சாயங்காலம் ஏறித் திருப்பிட்டாய்ங்க. அவரு பாடுறப்ப பாங்க முழுச் சத்தமா வைக்கணும்னு கண்டிஷனா சொல்லிட்டுப் போனாய்ங்க" என்றபடி ஏணியை எடுத்துச் சாத்தினார்.

"அப்புறம்?"

"வைக்கல."