மைனஸ் ஒன்று வந்தால்

"மூணாவது தடவையும் வேண்டாம்னுட்டாகளா? ஏலே, உனக்கு மானம் ரோசம் இருக்காலே?"

சொர்ணலட்சுமி போட்ட சத்தத்தில் ஆமத்தூர் மேலத்தெருவே காதைத் தீட்டிக்கொண்டது. மகனுக்கு இன்னொரு பெண் வீடும் கைவிரித்துவிட்டது என்று எதிர்வீட்டு மாரித்தாய் உச்சுக்கொட்டினாள்.

வேண்டாமென்று திரும்பி வந்தது சம்பந்தம் இல்லை, கணக்கு. பகலில் சிவகாசி அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்யும் மணிமுத்து, வீடு திரும்பினால் உலகமே இலவசமாகப் பயன்படுத்தும் ஒரு கணித மென்பொருளுக்குச் சம்பளமில்லாமல் நிரல் எழுதுவான். பிளஸ் டூவில் பாதி வகுப்பை அழவைத்த தொகையிடலை, அதாவது இன்டெக்ரேஷனை, x, n என்று எழுத்தாகவே வைத்துக் கம்ப்யூட்டர் போட்டுக் காட்ட வேண்டும். அதைச் சரிபார்க்கும் ஆளோ, இணையத்தில் முகத்துக்குப் பதில் பூனைப் படம் வைத்துக்கொண்டு, இவன் அனுப்பியதையெல்லாம் திருப்பி அனுப்பியது.

"அவன் பொறாமை பிடிச்ச வெள்ளைக்காரக் கிழவன்மா. வருசா வருசம் ஆகஸ்டுல காணாமப் போவான், நவம்பர்லதான் எட்டிப் பாப்பான். அம்புட்டு நீள லீவு! வந்ததும் வராததுமா என் கணக்குல நொட்டை சொல்லுதான். அடுக்குல மைனஸ் ஒண்ணு வந்தா, கீழ பூஜ்யம் விழுந்து விடையே வெடிச்சிருமாம். எவன் மைனஸ் ஒண்ணு போடப்போறான்?"

"நாளைக்குப் பொண்ணு பாக்கப் போற எடத்துல இந்தப் பூனைக் கதைய எடுத்தே, சோறு கிடையாது பாத்துக்க!"

ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் இப்படித்தான் போனது. கூலியில்லாமல் வேலை பார்ப்பதைப் பெருமையாகச் சொல்லும் மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

ஏழாயிரம்பண்ணையில் பெண்ணின் அம்மா கற்பகவல்லி, புருஷன் விட்டுப்போன பட்டாசுக் கம்பெனியைத் தனியாக நடத்துகிறவள். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு வந்து கேசரித் தட்டை நீட்டினாள்.

"சீசன்ல தலை சொறிய நேரமில்ல மதினி. தீபாவளி லோடு போன பெறகுதான் நான் மனுசியா இருக்கேன்."

பெண் பாண்டிமீனாவைப் பார்த்ததும் மணிமுத்து வாய்க்குக் கொண்டுபோன கேசரியைத் தட்டிலேயே வைத்தான். அவளோ கூச்சமில்லாமல், "வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா என்ன செய்வீக?" என்று கேட்டுவைத்தாள்.

சொர்ணலட்சுமி மகன் காலை மிதித்துப் பார்த்தாள். பலனில்லை. தொகையிடல், பூனை, மைனஸ் ஒன்று, வெள்ளைக்காரக் கிழவனுக்குக் கண்ணும் தெரியாது கணக்கும் தெரியாது என்பது வரை கொட்டித் தீர்த்தான்.

"ஆத்தாடி, எனக்குக் கணக்குன்னாலே காய்ச்சல் வரும்" என்று பாண்டிமீனா விழுந்து விழுந்து சிரித்தாள். கற்பகவல்லி சிரிக்கவில்லை. சொர்ணலட்சுமி எழுந்து கிளம்பத் தயாரானாள். இந்த இடமும் போச்சு!

போகவில்லை. தையில் கல்யாணம் நடந்ததும், மணிமுத்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஏழாயிரம்பண்ணைக்கே வீட்டோடு மாப்பிள்ளையாகக் குடிபோனதும் ஊரறிந்த விஷயம். அன்று கற்பகவல்லி சம்மதம் சொன்ன விதம்தான் மாரித்தாய் காதுக்கே லேசில் எட்டவில்லை.

"பொண்ணைத் தாரேன் தம்பி. ஆனா அந்த மைனஸ் ஒண்ணைச் சரிபண்ணாம அனுப்புனீகன்னா, நாலாவது தடவையும் நான் திருப்பித்தான் அனுப்புவேன்."