குதிகால் பள்ளம்

வெள்ளைக்காரத் துரைகள் போய்வந்த ரயில் பெட்டியைப் பழையபடியே புதுப்பிக்கிறோம். அதன் மூலையில் வேலைக்காரன் உட்காரும் குட்டிப் பெஞ்சைப் புதிதாகச் செய்வது என் பங்கு. பழைய பெஞ்சின் முன்கால்கள் குட்டையாக இருந்தன. உளுத்துக் குறைந்திருக்கும் என்று நினைத்து, நான் சமமாகச் செய்துவிட்டேன்.

என்ஜினீயர் சந்தானராஜ் கத்தினார். "முன்கால் குட்டையாத்தாம்மா இருக்கணும். உட்கார்ந்தா வழுக்கணும். அவன் தூங்கிடக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்காங்க."

"அதையும் அப்படியேவா செய்யணும் சார்?"

"சரித்திரம்மா. இம்மி பிசகக் கூடாது."

பல்லைக் கடித்துக்கொண்டு கால்களை அறுத்தேன். பெஞ்சைப் பொருத்தக் குனிந்தபோதுதான் தரையைப் பார்த்தேன். தேக்குப் பலகையில் இரண்டு பள்ளம். வழுக்காமலிருக்க எத்தனை பேர் அங்கே குதிகாலை ஊன்றினார்களோ, மரம் கிண்ணம் போலத் தேய்ந்திருந்தது.

"இந்தப் பலகை அசிங்கமா இருக்கு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடும்மா," என்றார்.

"இம்மி பிசகக் கூடாதுன்னீங்களே?"

"பார்க்க வர்றவங்க கண்ணுல இதெல்லாம் எதுக்குப் படணும்?"

பழைய பலகையை அவரே வெளியே வீசினார். புதுப் பலகையைப் பதித்து, பாலிஷ் போட்டேன். கண்ணாடி மாதிரி மின்னியது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். வழுக்கியது. இரண்டு குதிகாலையும் அழுத்தி ஊன்றி, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டேன். கோட்டின்மேல் உளியை வைத்தேன்.

"ஏய், எழுந்திரு! காலை எடு!" என்று ஓடி வந்தார்.

"எடுத்தா விழுந்துடுவேன் சார்," என்று சொல்லிவிட்டுக் மரக் கொட்டாப்புளியை ஓங்கினேன்.