இது எந்த பஸ்?

"பஸ்! ரஞ்சனி, ஜரா பஸ்!"

மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து பர்வே காகாவின் குரல் மேலே ஏறி வந்ததும், நான்காம் மாடியில் ஸ்ரீரஞ்சனியின் விரல்கள் தந்தியிலேயே நின்றுவிட்டன.

மராத்தியில் காகா என்றால் சித்தப்பா, பஸ் என்றால் போதும். ஜரா பஸ் என்றால், கொஞ்சம் நிறுத்தேன். சிஞ்ச்வட்டிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் வாசிப்பது பேஸ் கிதார். நாலே நாலு தடித் தந்தி. அதற்கென்று ஒரு ஆம்ப்ளிஃபயர், உள்ளே ட்யூப் வைத்தது. வாங்கி வந்த அன்றே அம்மா விசாலாக்ஷி, ஸ்பீக்கர் பெட்டிக்குள் டியூப்லைட் எதுக்குடி என்று கேட்டாள். இது விளக்கில்லை அம்மா, சின்னக் கண்ணாடிக் குழல், கெயின் என்ற குமிழை ஏற்றி அதற்கு நன்றாக வேலை கொடுத்தால்தான் சத்தத்தில் ஒரு கனிவு வரும் என்று விளக்கினாள் ஸ்ரீரஞ்சனி.

எங்கே ஏற்றுவது? கீழ் வீட்டுக்காரர் சொசைட்டி செக்ரட்டரி வேறு. அவருக்குப் பயந்து முதல் நாளே எல்லாவற்றையும் பாதியில்தான் வைத்தாள். அதற்கே 'பஸ்' வந்தது.

தரை வழியாகக் கீழே இறங்குவது அடிச்சத்தம்தான் என்று பேஸ் குமிழைக் கொஞ்சம் குறைத்தாள். மறுநாளும் 'பஸ்'. இன்னும் குறைத்தாள். கெயினையும் குறைத்தாள். இவள் குறைக்கக் குறைக்க, காகா இன்னும் உரக்கக் கத்தினார்.

"அந்த மனுஷனுக்கு என்ன காதா, மைக்கா?" என்றாள் அம்மா. "கணபதி ஊர்வலத்துக்கு டோல் தாஷா மேளத்தை நம்ம ஜன்னலுக்குக் கீழேயே நிறுத்தி ஆடினாரே, அப்ப எங்கே போச்சு இந்தக் காது?"

இதற்கு நடுவில் ஜெயந்த் போன் செய்தான். அவனும் அவளும் இருக்கும் இசைக்குழு ஒரு பாட்டைப் பதிவு செய்கிறது. அவரவர் வீட்டிலிருந்து வாசித்து அனுப்பினால் ஜெயந்த் ஒன்றாகச் சேர்ப்பான். ஸ்ரீரஞ்சனிக்கு அதுதான் முதல் பாட்டு.

"நீ வாசிச்சு அனுப்பினது பிஸ்கட் டப்பாவைத் தட்டற மாதிரி இருக்கு," என்றான். "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சரியா அனுப்பு. இல்லேன்னா உன் பகுதியைக் கீபோர்டிலேயே போட்டுடறேன்."

கீபோர்டில் போட்டுவிட்டால் அந்தப் பாட்டில் அவள் இல்லை.

வெள்ளிக்கிழமையோடு வாசிப்பதை விட்டாள். ஆம்ப்ளிஃபயரின் மேல் ஒரு போர்வையைப் போர்த்தினாள். ஞாயிற்றுக்கிழமை ஜெயந்திடம் தன்னால் முடியாது என்று சொல்லிவிடுவதாக முடிவு.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போனைக் கையில் எடுக்கவும், காலிங் பெல் அடிக்கவும் சரியாக இருந்தது.

வாசலில் பர்வே காகா. லிஃப்ட் வேலை செய்யவில்லை போலிருக்கிறது. ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். இத்தனை நாள் அவரைத் திட்டிக்கொண்டிருந்த அம்மா, ஒரே நொடியில் மராத்திக்கு மாறி, உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

ஏன் சத்தத்தையே காணோம், உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார் காகா.

ஸ்ரீரஞ்சனிக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. நீங்கள் பஸ் என்று சொன்ன அன்றே நிறுத்தியிருக்க வேண்டும், இனிமேல் வாசிக்க மாட்டேன், மன்னிச்சுக்கோங்க என்றாள்.

காகா ஒன்றும் புரியாமல் அவளையே பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து போய்ப் போர்வையை விலக்கினார். வரிசையாக இருந்த குமிழ்களின் முன் குனிந்து எதையோ தேடி, ஒன்றின் கீழே விரலை வைத்தார்.

"எங்க டேப் ரெக்கார்டர்லயும் இது இருக்கே," என்றார். பி, ஏ, எஸ், எஸ் என்று எழுத்துக் கூட்டினார். "பஸ்."

அம்மா தண்ணீர் டம்ளரோடு அப்படியே நின்றாள்.

"இதைக் கொஞ்சம் ஏத்து, ஏத்துன்னுதானே வாரம் பூரா கத்தினேன்? முதல் நாள் பாதியாவது கேட்டுது. நானும் உங்க காகியும் சாயாவை எடுத்துக்கிட்டு உங்க ஹாலுக்கு நேர் கீழே வந்து உக்காந்தோம். நீ என்னடான்னா நாளுக்கு நாள் குறைச்சுக்கிட்டே போறே."

ஸ்ரீரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியவில்லை.

"பெட்டிக்குள்ள இருக்கறது மட்டும்தான் டியூப்லைட்னு நினைச்சேன்," என்றாள் அம்மா. "இந்த ஆத்துல மொத்தம் மூணு."

ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்தார்கள். வலைக்குப் பின்னால் ட்யூப் மெல்ல ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. ஸ்ரீரஞ்சனி இந்த முறை பயமில்லாமல் கெயினை ஏற்றினாள். ஓசை கரகரக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தினாள். மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டர் குமிழை மட்டும் அடக்கி வைத்தாள். பேஸ் குமிழ் காகாவின் பொறுப்பு.

அடித்தந்தியைத் தொட்டாள். டப்பாவும் இல்லை, தகரமும் இல்லை. தடிமனாக, கனிந்து, தரையோடு உருண்டு போயிற்று சத்தம். காகா கண்ணை மூடிக்கொண்டு குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினார். இன்னும் கொஞ்சம்.

கீழேயிருந்து காகியின் குரல் வந்தது.

"பஸ்! பஸ்!"

ஸ்ரீரஞ்சனியின் விரல் தந்தியிலேயே நின்றது. "காகா, இது எந்த பஸ்?"

காகா காதைச் சாய்த்துக் கேட்டார்.

"மராத்தி பஸ்தான். பாத்திரமெல்லாம் ஆட ஆரம்பிச்சா சொல்லுன்னு அவளைப் பரணுக்குக் கீழே நிக்க வெச்சுட்டுத்தான் மேலே வந்தேன். இந்த இடத்துலயே விட்டுட்டு ரெக்கார்ட் பண்ணு."