ஃபைட்டர் மீனின் பிள்ளைகள்

"நான் அப்பாவாயிட்டேன்!" என்று கத்திக்கொண்டே ஃபைட்டர் மீன் கண்ணாடித் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. தொட்டியின் மூலையில் ஜவ்வரிசிக் கூழ் மாதிரி ஒரு துளி ஒட்டியிருந்தது. அதற்குள் பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

அடியில் மணலைக் கிளறிக்கொண்டிருந்த அயிரை நிமிர்ந்து பார்த்தது. "அண்ணே, அது நத்தை முட்டை. உங்க முட்டைன்னா மேலே நுரையில மிதக்கும். அதோட, இந்தத் தொட்டியில நீங்க ஒண்டிக்கட்டை. நான் இப்பவே தின்னுடறேன். விட்டா தொட்டி பூரா நத்தையாயிடும்."

"கிட்ட வந்தே, கிழிச்சிடுவேன்!" ஃபைட்டர் செவுளை விரித்துக்கொண்டு பாய்ந்தது.

செடிக்குப் பின்னாலிருந்து நத்தை மெல்லத் தலையை நீட்டியது. "அப்படியே உங்க ஜாடைதாங்க" என்றது.

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஃபைட்டர் தீனியைக்கூட மறந்து காவல் காத்தது. ஒரு காலையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வெளியே வந்தன. எல்லாவற்றின் முதுகிலும் கடுகளவு ஓடு.

"இப்பவாவது நல்லாப் பாருங்கண்ணே" என்றது அயிரை.

ஃபைட்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பார்த்தியாடா! என் பிள்ளைங்க பிறக்கும்போதே சொந்த வீட்டோட பிறந்திருக்குங்க!"